இரைச்சலின் நடுவே கற்றல்

முன்னுரை

இறையியற் கல்லூரி மாணவரும் திருச்சபை ஆயரும் ஒருங்கே எழுப்பும் முறையீடு ஒன்றுண்டு. படிக்க அமர்ந்தால் படிக்க முடிவதில்லை என்பதே அது. விடுதியில் அடுத்த அறையின் உரையாடல் சுவரைத் தாண்டி வருகிறது. ஆயர் மனையிலோ தெருவிற் செல்லும் பேருந்தின் ஆரன், திருமண மண்டபத்தின் ஒலிபெருக்கி, ஓயாது ஒலிக்கும் கைப்பேசி ஆகியவை மாறி மாறிச் செவியைத் தாக்குகின்றன. எபிரெய வினைச்சொல்லின் வடிவங்களை மனத்தில் இருத்த முயலும் மாணவரும், சனிக்கிழமை இரவில் மறுநாள் அருளுரைக்கு ஆயத்தம் செய்யும் ஆயரும் இவ்வகையில் ஒரே நிலையினரே.

மனம் ஒன்றியிருப்பவனுக்கு இரைச்சல் ஒரு பொருட்டன்று எனக் கூறி, இம்முறையீட்டைச் சிலர் எளிதில் ஒதுக்கிவிடுகின்றனர். வேறு சிலரோ, அமைதியான இடம் வாய்த்தாலன்றிக் கற்க இயலாது என எண்ணிப் புத்தகத்தை மூடி வைத்துவிடுகின்றனர். இவ்விரு நிலைகளும் முழு உண்மையை எட்டவில்லை. இரைச்சல் சிந்தையை எவ்வாறு தாக்குகிறது, நம் முன்னோர் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர், இன்று நம் கைக்கெட்டும் வழிகள் யாவை, எவ்வொலிக்கு நாம் செவியை அடைக்கலாம், எவ்வொலிக்கு அடைத்தலாகாது என்னும் வினாக்களை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. செவிக்கு இமை இல்லை

கண்ணை மூட இமை உண்டு; செவியை மூட ஏதுமில்லை. உடல் உறங்கும்போதும் செவி ஓரளவு விழித்தே இருக்கிறது. இருளில் அணுகும் ஆபத்தை முதலில் அறிவிக்கும் காவலாளியாக அது அமைந்துள்ளது. ஆகவே, திடீரென எழும் ஓர் ஒலி நம் கவனத்தைத் தன்பால் இழுப்பது மனவுறுதியின் குறைவால் அன்று; செவி தன் கடமையைச் செய்வதாலேயே ஆகும். இதனை உணர்ந்துகொண்டால், படிக்கும்போது கவனம் சிதறியதற்காகத் தம்மைத் தாமே நொந்துகொள்ளும் மாணவருக்குப் பாதிச் சுமை குறையும்.

ஒலியின் வலிமையை டெசிபெல் என்னும் அளவையால் கணக்கிடுவர். இவ்வளவை சாதாரணக் கூட்டலைப் போன்றதன்று. 10 டெசிபெல் கூடினால் ஒலியாற்றல் 10 மடங்காகிறது. 20 டெசிபெல் கூடினால் 100 மடங்காகிறது. செவிக்கோ ஒவ்வொரு 10 டெசிபெல் உயர்வும் ஏறத்தாழ இரு மடங்கு உரத்ததாகத் தோன்றும். அருகில் இருவர் இயல்பாகப் பேசும் ஒலி ஏறத்தாழ 60 டெசிபெல் ஆகும்.

ஆயினும், கற்பவருக்கு நேரும் இடையூற்றை ஒலியின் வலிமை ஒன்றைக்கொண்டே அளந்துவிட இயலாது. மழை ஓட்டின்மேல் பெய்யும் ஓசை உரத்ததாயினும் அதன் நடுவே படித்துவிடுகிறோம். சுவருக்கு அப்பாலிருந்து தாழ்ந்த குரலிற் கேட்கும் உரையாடலோ நம்மை வரிக்கு வரி தடுமாறச் செய்கிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிதல் இன்றியமையாதது.

2. பேச்சொலியின் தனித்தன்மை

இதனை முதன்முதலில் தெளிவாகக் கண்டோருள் ரோமத் தத்துவ அறிஞர் செனேக்கா ஒருவர். இவர் பவுலடிகளின் சமகாலத்தவர், கொரிந்துவில் பவுலின் வழக்கைத் தள்ளிவிட்ட கல்லியோன் (அப். 18:12–17) இவருடைய தமையனே. தாம் எழுதிய 56ஆம் மடலில், பொதுக் குளிப்பிடம் ஒன்றின்மேல் அமைந்த அறையில் தாம் தங்கியிருந்த காலத்தைச் செனேக்கா விவரிக்கிறார். எடை தூக்குவோரின் முனகல், பந்தாட்டத்தின் எண்ணிக்கையைக் கூவுபவனின் குரல், தின்பண்டம் விற்போரின் கூப்பாடு என அங்கு எழுந்த ஒலிகளை ஒவ்வொன்றாகக் கூறிவிட்டு, வெறும் ஓசை செவியை மட்டுமே நிறைக்கிறது, மனிதக் குரலோ மனத்தையே இழுத்துச் செல்கிறது என்னும் கருத்தை முன்வைக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டின் உளவியல் இக்கருத்தை ஆய்வுக்கூடத்தில் சோதித்தது. 1953இல் காலின் செர்ரி என்பார், இரு செவிகளிலும் இரு வேறு பேச்சுகளை ஒரே வேளையில் ஒலிக்கச் செய்து, ஒன்றை மட்டும் கவனித்துத் திருப்பிக் கூறும்படி பணித்தார். கவனியாத செவியில் ஒலித்த பேச்சின் பொருளைப் பற்றி ஏறத்தாழ எதுவுமே கேட்போருக்குத் தெரிந்திருக்கவில்லை. சிந்தை ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்றொன்றை ஒதுக்கும் ஆற்றலுடையது என்பது இதனால் விளங்கியது. ஆனால், 1959இல் நெவில் மோரே நடத்திய சோதனையில், ஒதுக்கப்பட்ட செவியில் கேட்போரின் சொந்தப் பெயர் ஒலித்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதனை உணர்ந்துகொண்டனர். ஆகவே, சிந்தையின் கதவு முற்றிலும் அடைபடுவதில்லை. தனக்குரியது எனத் தோன்றுவதற்கு அது வழிவிடுகிறது.

1976இல் கோல், வெல்ஷ் என்னும் இருவர் நடத்திய ஆய்வு மேலும் குறிப்பிடத்தக்கது. எழுத்துகளை வரிசை பிறழாமல் நினைவில் வைக்கும் பணியில் ஈடுபட்டோருக்குத் தெரியாத மொழியில் ஒரு வாசிப்பை ஒலிக்கச் செய்தபோதும் அவர்களது நினைவு குன்றியது. பொருள் புரியாவிடினும் பேச்சொலி இடையூறு செய்தது என்பதே இதன் முடிவு. 1982இலும் 1989இலும் சலமே, பேட்லி ஆகியோர் இதனை விரித்து ஆராய்ந்தனர். வாய்ப்பாட்டுக் கலந்த இசை, கருவியிசையினும் மிகுதியாக நினைவைக் குலைத்தது என்பதை அவர்கள் கண்டனர். 2011இல் வெளியான வேறோர் ஆய்வில், விரும்பிக் கேட்கும் பாடலும் விரும்பாத பாடலும் ஒரே அளவில் இடையூறாயின. பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தால் நன்றாக மனத்திற் பதிகிறது என்போர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம். பாட்டு, படிக்கும் சலிப்பைப் போக்கலாம். வரிசையாக நினைவில் நிறுத்தும் பணிக்கு அது துணை செய்வதில்லை.

இதற்குரிய விளக்கம் எளியது. ஒரு பட்டியலை மனத்தில் நிறுத்த வேண்டுமாயின், அதனை நாம் உள்ளுக்குள் சொல்லிக்கொள்கிறோம். கணத்துக்குக் கணம் மாறும் வெளியொலி, இந்த உட்சொல்லின் ஒழுங்கிற் புகுந்து அதனைக் கலைக்கிறது. ஒரே சீராக ஒலிக்கும் மின்விசிறி இவ்வாறு கலைப்பதில்லை. ஏற்ற இறக்கமும் அசையும் நிறைந்த பேச்சு கலைக்கிறது. கிரேக்க வேற்றுமை உருபுகளையோ, வாக்குவாதம் ஒன்றின் படிநிலைகளையோ கற்போர் செய்வது பெரும்பாலும் இவ்வகைப் பணியே. மேலும், படித்துப் பொருள் உணரும் வேளையில், நமக்குப் புரியும் மொழிப் பேச்சு மற்றோர் இடையூற்றையும் சேர்க்கிறது. நூலின் பொருளோடு பேச்சின் பொருளும் போட்டியிடுகிறது. ஆகவே, அடுத்த அறையில் நடைபெறும் தமிழ் உரையாடல், படிக்கும் தமிழருக்கு இருவகையாலும் எதிரியாகிறது.

3. நெடுநாள் இரைச்சலும் கையறுநிலையும்

ஓர் இரவின் இரைச்சல் ஓர் இரவோடு கழியும். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இரைச்சலின் விளைவோ வேறானது. நியூயார்க் நகரத்தின் ஒரு பள்ளி, உயர்த்தப்பட்ட பாலத்தின்மீது செல்லும் ரயில் பாதையின் அருகில் இருந்தது. ஏறத்தாழ நாலரை நிமிடத்துக்கு ஒரு முறை ரயில் கடந்து செல்லும். அப்போது ஆசிரியர் பேச்சை நிறுத்த நேரிடும். 1975இல் ஆர்லின் பிரான்சாப்ட், மெக்கார்த்தி ஆகியோர், பாதையை ஒட்டிய வகுப்பறைகளிற் பயின்ற பிள்ளைகளையும், கட்டடத்தின் மறுபுறத்து அமைதியான அறைகளிற் பயின்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டனர். வாசிக்கும் திறனில் முன்னவர் பின்தங்கியிருந்தனர். ஆறாம் வகுப்பை எட்டியபோது இடைவெளி ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பளவு ஆகியிருந்தது. பின்னர்த் தண்டவாளத்தின் அடியில் ரப்பர்த் திண்டுகளும், வகுப்பறைக் கூரைகளில் ஒலியை உறிஞ்சும் பலகைகளும் அமைக்கப்பட்டன. 1981இல் வெளியான மறு ஆய்வில் இவ்வேறுபாடு மறைந்திருந்தது. பிள்ளைகளின் அறிவில் குறையில்லை. குறை தண்டவாளத்தில் இருந்தது. 2005இல் நெதர்லாந்து, ஸ்பெயின், பிரிட்டன் ஆகிய நாடுகளின் விமான நிலையச் சுற்றுப்புறப் பள்ளிகளைப் பற்றி வெளியான ஆய்வும், விமான இரைச்சல் மிகுந்த இடங்களில் வாசித்துணரும் திறன் குன்றுவதைக் காட்டியது.

கிளாஸ், சிங்கர் ஆகியோர் 1972இல் வெளியிட்ட ஆய்வொன்று ஆயருக்கும் ஆலோசகருக்கும் சிறப்பாகப் பயன்படத்தக்கது. இரு குழுவினருக்கு ஒரே அளவு இரைச்சலைக் கேட்கச் செய்து, ஒரு குழுவினரிடம் மட்டும், மிகவும் வேண்டுமாயின் இப்பொத்தானை அழுத்தி ஒலியை நிறுத்தலாம் என்று கூறினர். அவர்கள் பொத்தானை அழுத்தவில்லை. முழு இரைச்சலையும் கேட்டே இருந்தனர். எனினும், பின்னர்க் கொடுக்கப்பட்ட கடினமான புதிர்களில் இவர்களே நெடுநேரம் மனந்தளராது முயன்றனர். பிழை திருத்தும் பணியிலும் குறைவாகவே தவறினர். பொத்தான் இல்லாதவர் விரைவில் கைவிட்டனர். இரைச்சல் மனிதரைத் தளர்த்துவதிற் பெரும்பங்கு, அதனைத் தடுக்க நமக்கு வழியேதும் இல்லை என்னும் உணர்வுக்கு உண்டு என்பது இதிலிருந்து பெறப்படும் உண்மையாகும். நெடுஞ்சாலை ஓரக் குடிசையில் ஒரே விளக்கின் கீழ் படிக்கும் பிள்ளைக்கு அப்பொத்தான் இல்லை. இதனைப் பின்னர் மீண்டும் கருதுவோம்.

4. திருமறைக் காலத்தாரும் ஆதித் திருச்சபையாரும்

கற்றல் என்றாலே மௌனம் என நாம் இன்று எண்ணுகிறோம். திருமறையின் உலகம் அவ்வாறு எண்ணவில்லை. கர்த்தருடைய வேதத்தை இரவும் பகலும் தியானிப்பவனைப் பற்றிக் கூறும் முதற் சங்கீதத்திலும் (சங். 1:2), யோசுவாவுக்கு அளிக்கப்பட்ட கட்டளையிலும் (யோசுவா 1:8) வரும் எபிரெயச் சொல் ‘ஹாகா’ என்பதாகும். இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும் (ஏசாயா 31:4), முனகும் புறாவுக்கும் (ஏசாயா 38:14) இச்சொல்லே வழங்குகிறது. ஆகவே, தியானம் என்பது வாய்க்குள் முணுமுணுத்து ஓதுதலை உள்ளடக்கியது. எத்தியோப்பிய மந்திரி தன் இரதத்தில் அமர்ந்து ஏசாயாவை வாசித்தது பிலிப்புவின் செவிக்குக் கேட்டது (அப். 8:30). அவர் வாய்க்குள்ளேயே வாசித்திருந்தால் அந்த உரையாடல் அவ்வாறு தொடங்கியிராது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் பிள்ளைகள் உரத்துச் சொல்லியே பாடம் கற்றனர்.

நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரப் பேராயராயிருந்த அம்புரோஸ் வேறொரு வழியைக் கைக்கொண்டார். அவர் கண்களால் பக்கத்தைத் தொடர, நாவோ அசையாதிருந்ததை அகஸ்தீன் தம் ‘அறிக்கைகள்’ நூலின் ஆறாம் பகுதியிற் குறிப்பிடுகிறார். மௌன வாசிப்பே அக்காலத்தார் அறியாததொன்று என முன்னர்ச் சிலர் கருதினர். பின்வந்த ஆய்வாளர் அதனை ஏற்கவில்லை. நமக்கு இங்கு முக்கியமானது வேறு. அம்புரோஸின் அறைக் கதவு யாருக்கும் அடைக்கப்படவில்லை. முன்னறிவிப்பின்றி எவரும் உள்ளே வரலாம். வந்தவர்கள் அவர் வாசிப்பதைக் கண்டு, பேசாமல் சிறிது நேரம் அமர்ந்திருந்து, இடையூறு செய்ய மனமின்றித் திரும்பிச் சென்றனர். வழக்குகளோடு வந்த மக்கள் திரள் நீங்கிய சிறு இடைவேளைகளே அவருக்குக் கிட்டிய படிப்பு நேரம். இன்றைய ஆயரின் நாட்குறிப்பும் ஏறத்தாழ இவ்வாறே அமைந்திருக்கிறது.

ஆறாம் நூற்றாண்டில் பெனதிக்து தம் மடத்தாருக்கு வகுத்த ஒழுங்கின் 48ஆம் அதிகாரம், கைவேலைக்கும் வாசிப்புக்கும் தனித்தனி நேரங்களைக் குறிக்கிறது. மதிய ஓய்வு வேளையில் படுக்கையில் இருந்து வாசிக்க விரும்புவோர், பிறருக்குத் தொல்லையாகாதவாறு வாசிக்க வேண்டும் என்பது அதன் விதி. வாசிப்பு நேரத்தில் வீண்பேச்சுப் பேசித் தன்னையும் பிறரையும் கெடுப்பவர் உண்டோ எனக் கண்காணிக்க மூத்தோர் ஒருவர் அல்லது இருவர் மடத்தைச் சுற்றி வருவர். ஒருவரின் அமைதி மற்றவரின் ஒழுக்கத்தைச் சார்ந்தது என்பதைப் பெனதிக்து நன்கறிந்திருந்தார்.

வெளியமைதி முழுவதும் வாய்த்தாலும் போராட்டம் முடிவதில்லை. எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்து 399இல் மறைந்த எவாகிரியுஸ், சோர்வு என்னும் தீய எண்ணத்தாற் பீடிக்கப்பட்ட துறவியின் வாசிப்பை விவரிக்கிறார். அத்துறவி கொட்டாவி விடுகிறார், கண்களைத் தேய்க்கிறார், இன்னும் எத்தனை ஏடுகள் உள்ளன என எண்ணிப் பார்க்கிறார், இறுதியில் நூலை மூடித் தலைக்கு அணையாக வைத்து உறங்கிவிடுகிறார். பாலைநிலத்தில் ஒலிபெருக்கி இல்லை. இரைச்சல் உள்ளத்தில் இருந்தது. செனேக்காவும் அம்மடலில், உள்ளம் அடங்கினாலன்றி வெளியமைதியால் பயனில்லை என்கிறார். ஆயினும், அதே மடலின் முடிவில் அவர் அந்த அறையைவிட்டு வேறிடம் செல்லத் தீர்மானிக்கிறார். இவ்விரண்டும் சேர்ந்ததே தெளிந்த அறிவு. உள்ளத்தை அடக்கப் பயில வேண்டும்; இயலுமாயின் இடத்தையும் மாற்ற வேண்டும்.

5. செய்யத்தக்கவை

முதலாவது, இரைச்சலின் மூலத்தைக் குறைத்தல். தண்டவாளத்தின் அடியில் இடப்பட்ட ரப்பர் காட்டிய பாடம் இதுவே. விடுதியிற் படிப்பு நேரம் ஒன்றைப் பொது இசைவோடு வகுத்து, அந்நேரத்தில் கைப்பேசிகளை ஒலியற்ற நிலையில் வேறோர் இடத்தில் வைத்தல், செலவில்லாத முதல் மருந்து. கட்டளையாக மேலிருந்து வருவதினும், மாணவர் தாமே கூடி ஏற்கும் உடன்படிக்கையாக அது அமைதல் நன்று.

இரண்டாவது, விலகுதல். திறந்த வெளியில், ஓரிடத்தில் நின்று ஒலிக்கும் மூலத்திலிருந்து நம் தொலைவு இரு மடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். தெருப்பக்க அறையை விட்டுப் பின்கட்டுக்குச் செல்வதன் பயன் இதனினும் பெரிது. கட்டடமே நடுவில் தடுப்பாக நிற்கிறது.

மூன்றாவது, இடைவெளிகளை அடைத்தல். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், அச்சுவர் எவ்வளவு தடித்ததாயினும், ஏறத்தாழ 20 டெசிபெலுக்கு மேல் ஒலியைத் தடுக்க இயலாது. கதவின் அடியிடுக்கே பெரும்பாலும் வாயில். அதில் துணிச்சுருளோ ரப்பர்ப் பட்டையோ இடுதல், சுவருக்குச் செய்யும் எச்செலவினும் பயனுள்ளது. திரைச்சீலையும் பாயும் புத்தக அலமாரியும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமேயன்றி, வெளியொலி நுழைவதை அதிகம் தடுப்பதில்லை. நம் நாட்டு வெப்பத்தில் சன்னலை அடைத்து அமர்வது எப்போதும் கூடுவதன்று. ஆகவே விடியற்காலையைத் தெரிந்துகொண்ட நம் முன்னோரின் வழக்கம் இன்றும் பொருத்தமானது.

இவ்விடத்தில் தாமஸ் கார்லைலின் முயற்சி நினைக்கத்தக்கது. ஊழியத்துக்கென்று பெற்றோரால் குறிக்கப்பட்டுப் பின் எழுத்தாளரான இவர், சேவல்களும் தெருப்பாடகரும் எழுப்பிய ஒலியைத் தாங்க மாட்டாமல், 1853இல் தம் லண்டன் வீட்டின் மேல்தளத்தில் ஒலி புகா அறை ஒன்றைக் கட்டுவித்தார். பெருஞ்செலவு செய்தும் எண்ணியது கைகூடவில்லை. முன்னர்க் கேளாத தொலைவு ஒலிகள் அங்கே கேட்கலாயின. ஆயினும், அவ்வறையிலேயே அமர்ந்து பிரெடரிக் மன்னரின் நீண்ட வரலாற்றை அவர் எழுதி முடித்தார். முழு அமைதிக்குக் காத்திருந்தால் அந்நூல் பிறந்திராது.

நான்காவது, செவியை அடைத்தல். 1907இல் ஜெர்மனியில் மாக்ஸ் நெக்வர் என்னும் மருந்தாளர் மெழுகும் பஞ்சும் சேர்ந்த அடைப்பானை உருவாக்கி, அதற்கு ‘ஓரோபாக்ஸ்’ எனப் பெயரிட்டார். செவி என்னும் ஜெர்மானியச் சொல்லும் சமாதானம் என்னும் இலத்தீன் சொல்லும் இணைந்த பெயர் அது. இன்று மென்னுரைப் பொருளாலான காதடைப்பான்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அதனை விரல்களால் மெலிதாக உருட்டி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, விரியும்வரை விரலாற் பிடித்திருக்க வேண்டும். முனையில் மட்டும் செருகுவதாற் பயனில்லை. உலர்ந்த பஞ்சு ஒலியைச் சிறிதே தடுக்கும். கைகளும் அடைப்பானும் தூய்மையாயிருத்தல் வேண்டும். காதில் சீழோ வலியோ உடையவர் இதனைத் தவிர்க்க வேண்டும்.

ஐந்தாவது, ஒலியால் ஒலியை மறைத்தல். சீராக ஒலிக்கும் மின்விசிறி, அடுத்த அறைப் பேச்சின் அசைகளை மூடி, அதனைப் புரியாத முணுமுணுப்பாக மாற்றிவிடுகிறது. எதிரலையை எழுப்பி இரைச்சலைத் தணிக்கும் ஹெட்போன்கள் எஞ்சின் போன்ற தாழ்ந்த, சீரான ஒலிகளை நன்கு குறைக்கின்றன. மனிதப் பேச்சை அவ்வளவு குறைப்பதில்லை. வெளி இரைச்சலை வெல்லப் பாடலின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது தீமையானது. 85 டெசிபெல் ஒலியை நாள்தோறும் 8 மணி நேரம் கேட்டல் செவிக்கு ஊறு விளைவிக்கும் எல்லையாகக் கருதப்படுகிறது.

ஆறாவது, வாய்விட்டு வாசித்தல். தன் குரலே தன் செவிக்கு அரணாகிறது. வாய்விட்டு வாசித்த சொற்கள் மௌனமாக வாசித்தவற்றினும் நன்கு நினைவில் நிற்கின்றன என்பதை 2010இல் மெக்லியோடும் உடனாய்வாளரும் விளக்கினர். ‘ஹாகா’ என்னும் சொல்லின் ஞானம் இவ்வாறு புதிதாக உறுதிபெறுகிறது. ஆயினும், அறையில் மற்றொருவர் இருப்பின், நமக்கு அரணாகும் ஒலி அவருக்குத் தாக்குதலாகும். பெனதிக்தின் விதியை அங்கு மறத்தலாகாது.

6. அடைக்கலாகாத செவி

செவியை அடைப்பதைப் பற்றித் திருமறை வெளிப்படையாகவே பேசுகிறது. அதன் தீர்ப்பு ஒருமுகமானதன்று. இரத்தஞ்சிந்தும் ஆலோசனைகளைக் கேளாதபடி தன் செவியை அடைத்துக்கொள்பவனை ஏசாயா புகழ்கிறார் (33:15). ஏழையின் கூக்குரலுக்குச் செவியை அடைப்பவனையோ நீதிமொழிகள் கடிந்துகொள்கிறது. அவன் தான் கூப்பிடும்போது மறுமொழி பெறமாட்டான் (21:13). ஸ்தேவானின் சாட்சியைக் கேட்கமாட்டாதவர்கள் தங்கள் காதுகளை அடைத்துக்கொண்டு அவர்மேல் பாய்ந்தனர் (அப். 7:57). ஒரே செயல் ஓரிடத்தில் நற்பண்பாகவும் மற்றோரிடத்தில் பாவமாகவும் நிற்கிறது. எதனைக் கேளாதிருக்கவும் எதனைக் கேட்கவும் செவியை அடைக்கிறோம் என்பதே அளவுகோல்.

ஆண்டவர், அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டி ஜெபிக்கக் கற்பித்தார் (மத். 6:6). அங்கு வரும் கிரேக்கச் சொல் பண்டங்களைச் சேமிக்கும் உள்ளறையையும் குறிக்கும். தனித்த படிப்பறை இல்லாதவருக்கும் அக்கட்டளை உரியது என்பதை இதனால் உணரலாம். அதே ஆண்டவர், வனாந்தரமான இடத்துக்குத் தனித்துச் சென்றபோது திரளான மக்கள் அங்கும் வந்து சேர, அவர்கள்மேல் மனதுருகினார் (மாற்கு 6:31–34). கதவைப் பூட்டுதலும் திறத்தலும் ஆகிய இரண்டும் ஊழியத்தின் பகுதிகளே. ஆயரின் வாயிலில் இரவில் எழும் தட்டலை, சந்தையின் கூச்சலோடு ஒன்றாக எண்ணிவிட இயலாது. மரணப்படுக்கையிலிருந்து வந்த அழைப்பு, அருளுரை ஆயத்தத்துக்கு இடையூறன்று. சில வேளைகளில் அதுவே ஆயத்தம். ஆயினும், எல்லா அழைப்பையும் மரணப்படுக்கையின் அழைப்பாக நடத்துபவர், ஞாயிறன்று வெறுங்கையோடு மக்கள்முன் நிற்க நேரிடும். அவசர அழைப்பைப் பிறர் ஒருவர் கேட்டு நமக்கு அறிவிக்கும் ஏற்பாடு இருப்பின், இரண்டு மணி நேரம் கதவைப் பூட்டியிருத்தல் கடமை தவறுவதாகாது.

கி.பி. 386இல் மிலானில் ஒரு தோட்டத்தில் அமர்ந்து மனம் கலங்கியிருந்த அகஸ்தீனின் செவியில், அயல்வீட்டிலிருந்து ஒரு பிள்ளையின் பாட்டொலி விழுந்தது. எடுத்து வாசிக்கும்படி கூறிய அப்பாட்டைத் தமக்குரிய அழைப்பாக ஏற்று, ரோமருக்கு எழுதிய நிருபத்தை அவர் திறந்தார். அவர் செவியை முற்றிலும் அடைத்திருந்தால் அவ்வொலி கேட்டிராது. மறுபுறம், காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்த பின்னரே எலியா அம்மெல்லிய அமைதியின் குரலைக் கேட்டார் (1 இராஜா. 19:11–13). வெளியொலி வழியாகவும் அமைதியின் வழியாகவும் ஆண்டவர் பேசுகிறார் என்பதற்கு இவை சான்றுகள்.

7. நாம் எழுப்பும் இரைச்சல்

இதுவரை பிறர் எழுப்பும் இரைச்சலைப் பற்றியே பேசினோம். நாமும் இரைச்சல் எழுப்புவோரே. சென்னையில் ஒரு சபையின் ஆராதனையில் ஒலிபெருக்கியும் மேளமும் எழுப்பிய ஒலியைக் குறித்து அப்பகுதிக் குடியிருப்போர் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியாலோ மேளத்தாலோ ஜெபம் ஏறெடுக்க வேண்டும் என எந்த மதமும் விதிக்கவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். முதியோர், நோயாளர், குழந்தைகள் ஆகியோரோடு படிக்கும் மாணவரின் நலத்தையும் நீதிமன்றம் கருத்திற்கொண்டது.

அதே 2000ஆம் ஆண்டில் நடுவண் அரசு வகுத்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெலும், அமைதி மண்டலத்தில் பகலில் 50, இரவில் 40 டெசிபெலும் உச்ச எல்லைகளாகும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடை உண்டு. இவ்வெல்லைகளை நம் எழுப்புதற் கூட்டங்களும் பண்டிகைப் பவனிகளும் எத்துணை மதிக்கின்றன என்பதை நாமே சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும். பிற சமயத்தாரின் ஒலிபெருக்கியைக் குறித்து வருந்தும் நாம், நம்முடையதைச் சாட்சி எனப் பெயரிட்டு விலக்களித்துக்கொள்வது நேர்மையன்று. நியாயம் இல்லாத இடத்தில் எழும் பாட்டுகளை ஆண்டவர் வெறும் இரைச்சலாகவே கேட்கிறார் என்பது ஆமோசின் செய்தி (5:23–24). நம் பாட்டின் ஒலியால் அடுத்த வீட்டுப் பிள்ளை தேர்வுக்குப் படிக்க இயலாதிருப்பின், அத்தீர்க்கனின் சொல் நம்மேலும் விழும்.

இன்னும் ஒன்று. நம் ஆலயங்களும் ஆலயக் கூடங்களும் வாரத்தின் பெரும்பகுதியும் பூட்டப்பட்டு அமைதியாகக் கிடக்கின்றன. ஒரே அறையில் தொலைக்காட்சியும் அடுப்பும் தெருவொலியும் சூழப் படிக்கும் பிள்ளைகள் அதே தெருவில் வாழ்கின்றனர். மாலை 6 மணி முதல் 9 மணி வரை அக்கூடத்தைத் திறந்து, விளக்கும் மேசையும் குடிநீரும் வைத்து, பொறுப்புள்ள ஒருவரை அமர்த்தினால் போதும். மதவேறுபாடின்றி எப்பிள்ளையும் வந்து படிக்கலாம். பொத்தான் இல்லாதவர் கையில் பொத்தானைக் கொடுப்பது இதுவே. பேராலயம் கட்டும் செலவில் நூற்றில் ஒரு பங்கும் இதற்கு வேண்டியதில்லை.

முடிவுரை

அமைதி என்பது கற்பவர் தமக்காக மட்டும் தேடிக்கொள்ளும் உடைமையன்று. பிறருக்கும் நாம் செலுத்த வேண்டிய கடன். இரைச்சலால் தடுமாறுவது குற்றமன்று. ஆனால் முழு அமைதி வாய்க்கும்வரை கற்பதைத் தள்ளிவைப்பது சோம்பலுக்கு இடங்கொடுப்பதாகும். மூலத்தைக் குறைப்போம், இயலாவிடில் விலகுவோம், அதுவும் இயலாவிடில் செவியை அடைப்போம், எதுவும் இயலாதபோது வாய்விட்டு ஓதுவோம். கதவைப் பூட்டிக் கற்றதைக் கதவைத் திறந்து மக்களுக்கு அளிப்போம். கற்றுத் தெளிந்த செவியே ஏழையின் குரலை இரைச்சலினின்று பிரித்தறியும்.